மூன்றாம் ஞாயிறு வராதவர்கள்

கேள்வி இதுதான். காட்பாடிப் பக்கத்துச் சபை ஒன்றில் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சபையில் 140 குடும்பங்கள். ஞாயிறு ஆராதனைக்குச் சுமார் இருநூறு பேர். புதிதாக வருகிறவர்கள் இரண்டு வாரம் வருகிறார்கள், மூன்றாம் வாரம் காணோம். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் பேராயர் கைவைத்து ஜெபித்து அவர்களைச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்த பிள்ளைகளும் மெல்ல மறைந்துவிடுகிறார்கள். வாசலில் வரவேற்புக் குழு போட்டு, சட்டையில் பேட்ஜும் குத்தியாயிற்று. சபையை வேறு எப்படித்தான் ஒழுங்குபடுத்துவது?

தம்பி, முதலில் அந்தப் பேட்ஜைக் கழற்றிவிடுங்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூரில் எங்கள் சபையில் இரண்டு முறை செயலாளர், ஒரு முறை பொருளாளர், ஞாயிறு பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள். அதில் பாதிக் காலம் உங்களைப் போலவே வாசலில் ஆள் நிறுத்திப் பார்த்தவன் நான். கைகூப்பிச் சிரிக்க நல்ல ஆட்களாகத்தான் நிறுத்தினேன். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். வாசலில் ஒரு குறையும் இல்லை என்பது புரியவே எனக்கு வெகுகாலம் பிடித்தது.

நம் பக்கத்துச் சபைகள் எப்படி உண்டாயின என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியது 1853இல். கிராமங்களில் ஜனங்கள் ஒருவர் இருவராக வந்து சேரவில்லை. குடும்பம் குடும்பமாக, தெருவாகவே சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். ஆகவே தெருதான் சபை, சபைதான் தெரு. ஆராதனைக்கு வருகிறவர் மாமனாக இருப்பார், மச்சானாக இருப்பார், பெரியம்மா மகளாக இருப்பார். அங்கே யாரை யார் வரவேற்பது? வீட்டுக்குள் நுழைகிற சொந்தப் பிள்ளைக்கு யாராவது மாலை போடுவார்களா? 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று, 1976இல் வேலூர் தனிப் பேராயம் ஆயிற்று. பலகையில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே ஒருவர் சபையைச் சேர்ந்தவர் என்பதற்கு இன்றும் அடையாளம் உறவுமுறைதான்.

இதற்கிடையில் ஊர் அடியோடு மாறிவிட்டது. 1900இல் அதே குடும்பத்து ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சிகிச்சைதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் திருநெல்வேலியில் இருந்தும் நாகர்கோவிலில் இருந்தும் வருகிறார்கள், கேரளத்தில் இருந்து வருகிறார்கள், மிசோரம், நாகாலாந்தில் இருந்தும் வருகிறார்கள். காட்பாடியில் பல்கலைக்கழகம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகள், ஷூ கம்பெனிகள். இவர்கள் யாருக்கும் நம் தெருவில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. உறவால் கட்டிய வீட்டுக்குள் உறவில்லாதவர் வந்து நிற்கும்போது எங்கே உட்காரச் சொல்வது என்று நமக்குத் தெரிவதில்லை. நோய் அதுதான். மனது கெட்டுப்போகவில்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கே உட்காருவது என்று நான் சொன்னது பேச்சுக்காக இல்லை. ஒரு ஞாயிறு நான் பின்னால் நின்று பார்த்தது. நர்சிங் படிக்க ஜார்க்கண்டில் இருந்து வந்த ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பெரியம்மா வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் பக்கத்தில் சும்மா நின்றார். அந்தப் பெண் எழுந்து ஐந்தாவது பெஞ்சுக்குப் போனாள். அங்கே உள்ளே இடம் இருந்தது, ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் நகராமல் முழங்காலை மட்டும் ஒதுக்கினார். அவரைத் தாண்டித் தடுமாறி உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறகு ஒரு குடும்பம் மொத்தமாக வந்தது, அவள் மறுபடியும் எழுந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் மூன்று முறை இடம் மாறி, கடைசியில் செருப்பு கழற்றுகிற கதவோரம் நாற்காலியில் இருந்தாள். கையில் பாட்டுப் புத்தகம் இல்லை. வாசலில் நின்ற எங்கள் வரவேற்பாளர் அன்றைக்கு மிக நன்றாகச் சிரித்திருந்தார்.

யாக்கோபு தன் நிருபத்தில் பொன்மோதிரக்காரனுக்கு ஓர் இடம், கந்தை உடுத்தவனுக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்காரவைப்பதைக் கண்டித்தது சும்மா இல்லை. இந்த விவகாரம் பெஞ்சில்தான் ஆரம்பிக்கிறது. எனவே கமிட்டியில் நீங்கள் போட வேண்டிய முதல் தீர்மானம்: பழைய அங்கத்தினர்கள் பெஞ்சின் உள்பக்கம் தள்ளி உட்கார வேண்டும், ஓரம் காலியாக இருக்க வேண்டும். இதை அறிவிப்பில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கமிட்டிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் மூன்று மாதம் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் புதியவர் உட்கார்ந்தால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, வரியை விரலால் காட்டிக் கொடுக்க வேண்டும். வேறு வரவேற்பு உரை எதுவும் வேண்டாம். இன்னொன்று: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் நம் சபைகளில் புதிதாக வரும் கணவன் மனைவி வாசலிலேயே பிரிந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒருவர் கவனிக்க வேண்டும். புதியவர்களை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வதை இன்றோடு விடுங்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் பாடச் சொல்வதைப் போன்றது அது.

ஆராதனை முடிந்தபின் மரத்தடியில் நின்று பேசுவோமே, அங்கே ஓர் எச்சரிக்கை. "சொந்த ஊர் எது?" என்று கேட்பது அன்பு. பதில் வந்ததும் "அங்கே எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வருமே, அது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சாதியைக் கேட்க நம் ஊரில் இதைவிட நாசூக்கான வழி கிடையாது. பதிலை எதிர்பார்த்து நிற்கிற அந்த ஒரு கணத்தில்தான் பலர் மனதுக்குள் வெளியே போய்விடுகிறார்கள். உங்கள் ஆட்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: முதல் கேள்வியோடு நிறுத்துங்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள், "நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை" என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இனி நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வந்தவர் பெயர், அவர் வாயால் சொன்னபடி. அவரோடு பேசியவர் யார். அவர் சொன்ன ஏதாவது ஒரு விஷயம்: அம்மாவுக்கு ஆபரேஷன், வாடகை வீடு தேடுகிறார், பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை. பிறகு யார், எந்தத் தேதியில் வீட்டுக்குப் போனார். இவ்வளவுதான். ஞாயிறு மத்தியானம் எழுதி, ஐந்து நாளுக்குள் ஒருவர் போய் வர வேண்டும். பத்தாம் நாள் போனால் அவர்களே சிரிப்பார்கள். எண்ணை வாங்கியவுடன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவது வரவேற்பு ஆகாது. திங்கள் காலை எழுந்து பார்த்தால் அறுபது ரோஜாப்பூப் படங்கள் வந்திருக்கும். அந்த மனிதர் மறுபடியும் வந்தால் அது அவருடைய பொறுமை.

பழைய சபையில் இருந்து மாற்றுக் கடிதம் கொண்டு வந்தீர்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிற செயலாளர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன். கடிதம் வேண்டுமானால் அவருடைய பழைய ஆயருக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் நிற்க வைப்பதைப் போல நிற்க வைக்காதீர்கள்.

வீட்டுக்குப் போவதில் எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு பெண், பீடி சுற்றுகிறவர், மூன்று பிள்ளைகளோடு வர ஆரம்பித்திருந்தார். வேறொருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே பேசினார். கை நிற்கவே இல்லை, நின்றால் அன்றைய கணக்கு குறையும். நடுவில் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான், "வேண்டாம்மா, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றேன். உண்மையாகவே குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நான்கு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர்தான் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றீர்களாமே?"

வெட்கத்தில் முகம் வெந்துபோயிற்று எனக்கு. திரும்பப் போனேன். இந்த முறை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன், காப்பியும் குடித்தேன். யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கிற ஊரில், சொம்பைத் தொடாமல் எழுந்து வந்தவன் வாயில் என்ன ஜெபம் இருந்து என்ன? ஆகவே போகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே பயிற்சி: கொடுப்பதைக் குடியுங்கள், கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள், காணிக்கையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

இவ்வளவையும் ஆயரே செய்யட்டும் என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நாளைக்கு இரண்டு வீடு, வாரத்தில் ஐந்து நாள் என்றால் உங்கள் 140 வீட்டை ஒரு சுற்று முடிக்கவே பதினான்கு வாரம். நடுவில் சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, பேராயக் கூட்டம் எல்லாம் உண்டு. சில ஆண்டுகளில் அவர் மாற்றலாகியும் போய்விடுவார். மோசே காலையில் இருந்து மாலைவரை தனியே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இப்படிச் செய்தால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று சொல்லி ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்துப் பொறுப்பாளர்களை வைக்கச் சொன்னார். அந்தக் கடைசிக் கணக்குதான் நமக்கு வேண்டியது. பத்து வீட்டுக்கு ஒருவர். உங்களுக்குப் பதினான்கு பேர் தேவை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற பெயரில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து வீடுகளில் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் இருந்து கற்றுக்கொள்ள நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

பத்து வீட்டைத் தெருக்கணக்கில் பிரியுங்கள், ஆனால் ஒரே சொந்தக்காரர்கள் பத்து வீடும் ஒன்றாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திலும் வெளியூரில் இருந்து வந்த ஒரு வீடாவது இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடினால் போதும். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், யாருக்கு என்ன தேவை என்ற பேச்சு, சுண்டல். பிரசங்கம் வேண்டாம். பிரசங்கிக்க ஆசைப்படுகிறவரைப் பொறுப்பாளராகப் போட்டால் அந்தக் குழு மூன்று மாதத்தில் கலைந்துவிடும், இது அனுபவம்.

பொறுப்பாளர் யார் என்பதில்தான் பெரும்பாலும் தவறு செய்கிறோம். பட்டம் வாங்கியவர், ஓய்வு பெற்ற அதிகாரி, சந்தா அதிகம் கட்டுகிறவர் என்று தேடுவோம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஏழு பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது எந்தப் பக்கத்தில் இருந்து குறை வந்ததோ அந்தப் பக்கத்தவர் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். நம் கமிட்டிகளில் குறை சொன்னவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவதே இல்லை.

எங்கள் சபையில் பீடித் தெருவுக்கு யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். "எழுதப் படிக்கத் தெரியாதே" என்றார்கள். எட்டாவது படிக்கிற மகள் எழுதுவாள் என்றேன். அப்படித்தான் நடந்தது. அவருடைய நோட்டில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "கடைசி வீட்டு அக்கா சிரித்தாள், ஆனால் அடுப்பு எரியவில்லை." மகள் கையெழுத்து, தாயின் கண். அந்த வாரமே அரிசி போயிற்று.

விடுபட்டவர்கள் என்றால் நம் பக்கத்தில் யார் யார் என்று ஒரு பட்டியலே போடலாம். என்னைக் கேட்டால் முதல் இடம் மருமகள்களுக்கு. குடியாத்தத்தில் இருந்தோ ஆரணியில் இருந்தோ கல்யாணமாகி வந்த பெண்ணை யாரும் புதியவளாக எண்ணுவதில்லை, "இன்னார் வீட்டு மருமகள்" என்று கணக்கு முடிந்துவிடும். தன் ஊர்ச் சபையில் பாடகர் குழுவில் பாடியவளாக இருப்பாள், ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுத்தவளாக இருப்பாள். இங்கே பத்து ஆண்டு ஆனாலும் பெஞ்சில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போவாள். நோட்டில் அவளுக்கும் தனியாக ஒரு வரி போடுங்கள், அவள் பெயரிலேயே.

அடுத்து ஷூ கம்பெனிப் பெண்கள். விடியற்காலை கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியபின் இறக்கிவிடும். அவர்களுக்கு ஞாயிறு என்பது ஆறு நாள் துணி துவைக்கிற நாள். காலை ஆராதனைக்கு வராததைப் பக்திக்குறைவு என்று பேசக் கூடாது. மாலை ஆறு மணிக்கு ஒரு சிறிய ஆராதனை வையுங்கள். வேலூர் வெயிலில் மே மாதம் அது எல்லோருக்குமே உபகாரம். தோல் மண்டியில் வேலை செய்கிறவர்கள் வாடை அடிக்குமோ என்று கூச்சப்பட்டுக் கடைசியில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பேதுரு யோப்பாவில் அநேக நாள் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில்தான் என்பதை ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிரசங்கங்களில் இன்னும் அடிக்கடி சொல்லலாம்.

மூன்றாவது, சிகிச்சைக்காக வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று வருவார்கள். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ இருப்பார்கள். இவர்களை அங்கத்தினர் ஆக்க நினைக்கவே வேண்டாம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஆராதனை முறையை ஒரே தாளில் அச்சடித்து வையுங்கள். இரத்தம் தேவையா, மொழி தெரிந்த ஒருவர் வேண்டுமா, சமைக்கப் பாத்திரம் வேண்டுமா என்று கேளுங்கள். நோயாளிக்கு எதையும் கொடுத்துவிட்டு எதையும் திரும்பக் கேட்காதீர்கள், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் காத்திருந்தவர்களைத் தேடிப் போய் மருந்து கொடுத்தார் ஐடா ஸ்கடர். அங்கே காத்திருந்தவர்களிடம் அவர் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. பட்டியல் சாதிகளில் இருந்து கிறிஸ்தவர்களானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் முழங்காலில் ஒரு வாழ்க்கை, காகிதத்தில் ஒரு வாழ்க்கை என்று இருக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். அவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நெருக்குவதும், ஆராதனைப் படங்களை அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடுவதும் பெரிய துரோகம். அவர்கள் வருகிறார்கள், ஜெபிக்கிறார்கள், பத்து வீட்டில் ஒரு வீடாக இருக்கிறார்கள். மற்றது அவர்கள் மனச்சாட்சி.

பிள்ளைகள் திடப்படுத்தலுக்குப் பின் மறைவதைப் பற்றிக் கேட்டீர்கள். திடப்படுத்தலை நாம் பட்டமளிப்பு விழாவாக்கி வைத்திருக்கிறோம். வெள்ளை உடை, பேராயர், போட்டோ, பிரியாணி. பட்டம் வாங்கியவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவானா? மறுநாளே அவன் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். நாற்காலி அடுக்குவதை வேலை என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். தவறு செய்தால் சபைக்கு நஷ்டம் வரக்கூடிய வேலையாக இருக்கட்டும்: வேதபாகம் வாசிப்பது, காணிக்கை எண்ணுவது, மைக்செட் பார்ப்பது, படுக்கையில் இருக்கிற முதியவருக்கு வாரம் ஒருமுறை போய் வேதம் வாசித்துக் காட்டுவது.

வேதபாகம் வாசிக்கிற பையனை எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை வரச் சொல்வோம். ஆளில்லாத ஆலயத்தில் அவன் பீடத்தருகே நின்று வாசிப்பான், நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். பாபிலோன் ராஜா "நெபுகாத்நேச்சார்" பெயர் வருகிற இடத்தில் எல்லாப் பையன்களும் ஒருமுறை விழுவார்கள். விழட்டும், சனிக்கிழமை விழுந்தால் ஞாயிறு எழுந்துவிடுவான். எபேசு ஜெபாலயத்தில் அப்பொல்லோ பேசியதைக் கேட்ட பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூட்டத்தில் எழுந்து திருத்தவில்லை. தங்களிடம் அழைத்துக்கொண்டு போய்த்தான் விளக்கினார்கள். நம் ஆட்களோ ஆராதனை முடிந்து படி இறங்குவதற்குள் பையனின் உச்சரிப்பைப் பற்றி ஆறு பேர் கருத்துச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அவன் பெயர் பட்டியலில் இருக்காது.

வேலை கொடுத்தபின் அதைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஒரு வருடம் வாலிபர் சங்கத்திடம் விட்டோம். சேவலையும் பூசணிக்காயையும் ஏலம் விடத் தெரியாமல் திணறினார்கள், வசூல் குறைந்தது. மறு வருடம் பழையபடி பெரியவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கமிட்டியில் சத்தம். நான் பொருளாளராக இருந்துகொண்டே, இன்னொரு வருடம் குறையட்டும் என்றேன். குறையவில்லை என்று சொல்ல ஆசைதான். குறைந்தது. ஆனால் அன்றைக்கு மைக்கைப் பிடித்துத் திணறியவர்களில் இரண்டு பேர் இன்று கமிட்டியில் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே விஷயம். காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிப்பதை நிறுத்துங்கள். ஐம்பது ரூபாய் என்று வாசிக்கப்பட்ட கிழவி அடுத்த முறை உறையே வாங்க மாட்டாள். மற்றது, சந்தா பாக்கியைச் சாவு வீட்டில் கேட்பது. ஒரு சபையில், பெயர் வேண்டாம், பிணம் கிடக்கும்போது மூன்று ஆண்டுப் பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைக்கு இடம் என்றார்கள். மகன் கடன் வாங்கிக் கட்டினான், அடக்கம் முடிந்தது, அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அதற்குப் பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. பாக்கியைப் பத்து வீட்டுப் பொறுப்பாளர் காதில் போடுங்கள். ஏன் கட்டவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் எந்த அறையிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது, பாலியல் குற்றங்களில் இருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். "சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்கிறவரிடம் அந்தப் பேச்சை வளர்க்காதீர்கள்.

ஒரு நடைமுறை ஆலோசனை: இதையெல்லாம் சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கும் வருடத்தில் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் நோட்டோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், எந்த அணிக்கு ஓட்டுக் கேட்க வந்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். இப்போதுதான் தேர்தல் முடிந்து பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள், நல்ல காலம். உங்களுக்கு எதிராக நின்று தோற்றவரிடமே ஒரு பத்து வீட்டைக் கொடுத்துப் பாருங்கள். மறுக்க அவருக்கும் கஷ்டமாக இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பதிவேட்டில் இருந்து. தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். ஆள் இல்லாத பதிவேட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் 140 குடும்பத்தில் எத்தனை குடும்பம் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டது, எத்தனை பெயர் கல்லறையில் இருக்கிறது என்று பதிவேடு சொல்லாது. சபையிலேயே வயதான பாட்டி ஒருவரைப் பிடியுங்கள். எல்லாச் சபையிலும் ஒருவர் இருப்பார், யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்தச் சண்டையில் எந்த வருடம் நின்றுபோனார் என்பது வரை தெரிந்தவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதிவேட்டை அவர் முன்னால் விரித்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். பக்கத்தில் புதிய நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமாவது ஆகும், நடுவில் அவர் அழுவார், திட்டுவார். போகும்போது வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். பாக்கை மட்டும் இடித்து எடுத்துப் போங்கள், பாட்டிக்குப் பல் இருக்காது.